சீட்டு நோட்டும் 75 வருஷக் கடனும்

முதல்லயே சொல்லிடறேன். நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். பொருளாதாரம் படிச்சவன் இல்லை, வரலாறும் பள்ளிக்கூடத்தோட சரி. ஆனா கடன்ல விழுந்து எழுந்தவன் என்ற தகுதி ஒண்ணு இருக்கு. அந்தத் தைரியத்துலதான் எழுதறேன்.

2011 ஜனவரி. நாங்க டொரான்டோ வந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. பையனுக்கு ஆறு வயசு, பொண்ணுக்கு மூணு. நடுவுல அஞ்சு மாசம் வேலை இல்லாம உட்கார்ந்திருந்தேன். 2008-09 சமயத்துல இந்தப் பக்கம் வந்தவங்களுக்கு அந்தக் காலம் மறந்திருக்காது. வாடகை, குளிர் ஜாக்கெட், பூட்ஸ், பால், டயப்பர் எல்லாத்துக்கும் கிரெடிட் கார்டைத் தேய்ச்சதுல பாக்கி 9,000 டாலர்ல வந்து நின்னது. திரும்ப வேலை கிடைச்ச பிறகும் மாசாமாசம் மினிமம் தொகையை மட்டும் கட்டிட்டு, கடமை முடிஞ்சதுன்னு நிம்மதியா தூங்கிட்டிருந்தேன்.

அந்த மாசம் ஸ்டேட்மென்ட்டை என் கையில நீட்டினது தங்கமணி. கீழே ஒரு வரி. மினிமம் தொகையை மட்டுமே கட்டிக்கிட்டிருந்தா இந்தப் பாக்கி தீர எவ்வளவு காலம் ஆகும்னு போட்டிருந்தது. 75 வருஷம். 2010-லேர்ந்து கனடாவில் இந்தக் கணக்கை ஸ்டேட்மென்ட்டில் அச்சடிக்கணும்னு விதி வந்திருந்தது. நான்தான் கண்ணுல வாங்கிக்கலை.

"அப்போ பாப்பாவுக்கு 78 வயசாகும்" என்று மட்டும் சொல்லிட்டு அவங்க அடுப்படிக்குப் போயிட்டாங்க.

கால்குலேட்டரை எடுத்தேன். ஆண்டு வட்டி 20 சதவீதம். 9,000-க்கு மாசம் 150 டாலர் வட்டி. மினிமம் என்பது அந்த வட்டியோட 10 டாலர். ஆக, மாசம் 160 கட்டினா அதுல 10 டாலர்தான் அசல்ல கழியுது. 9,000-ஐப் பத்தால் வகுத்தா 900 மாசம், அதாவது 75 வருஷம். ஸ்டேட்மென்ட் பொய் சொல்லலை. அந்த 75 வருஷத்தில் வட்டி மட்டும் 67,500 டாலரைத் தாண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணப்போ உளறிட்டேன். ஒக்கலிபுரத்துல உட்கார்ந்துக்கிட்டு அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"மினிமம்னா என்னடா? சீட்டுல அப்படி ஒண்ணு கிடையாதே?"

அந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைகளைத் தேடிப் படிக்க வெச்சது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

எங்க சந்துக்கு வந்த மூணு பேர்

பெங்களூர் தெரிஞ்சவங்களுக்கு ஒக்கலிபுரம் தெரிஞ்சிருக்கும். சிட்டி ஸ்டேஷனுக்கு வடக்கே, சென்னைக்குப் போற ரயில் பாதையும் தும்கூர் போற பாதையும் பிரியற இடத்தை ஒட்டின பேட்டை. அந்தப் பக்கம் ஸ்ரீராமபுரம், இந்தப் பக்கம் சேஷாத்திரிபுரம். தெருவுல தமிழ், கடையில கன்னடம், வீட்டுல ரெண்டும்.

தமிழர்கள் பெங்களூருக்கு வந்த கதை பழசு. 1809-ல் வெள்ளைக்காரன் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேர்ந்து இங்கே மாத்தி கன்டோன்மென்ட் அமைச்சப்போ பட்டாளத்தோட வந்தவங்க உண்டு. 1864-ல் ஜோலார்பேட்டையிலேர்ந்து கன்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. அப்புறம் ஆலைகள். பெங்களூர் உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில்ஸ் 1884-ல் ஆரம்பிச்சது, பின்னி மில்னு சொன்னாத்தான் பலருக்குப் புரியும். மினர்வா மில்னு ஒண்ணு. 1971-ல் அதன் நிர்வாகத்தை அரசாங்கம் எடுத்துக்கிட்டு, 1974 சட்டத்தில் தேசியமயம் ஆக்கி, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1980-ல் வந்த தீர்ப்பை இன்னிக்கும் சட்டம் படிக்கிற பசங்க மனப்பாடம் பண்றாங்க. ஆலை நம்பி, ரயில் நம்பி, மார்க்கெட் நம்பி வந்தவங்கதான் எங்க பேட்டையில பாதிப் பேர். அப்பாவும் ஒரு பஞ்சாலையில ஷிஃப்ட் வேலை.

ஆலைக் குடும்பத்துல வரவு ஏழாம் தேதி. செலவு அப்படி வராது. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், திடீர்னு ஆஸ்பத்திரி, ஊர்ல ஒரு சாவு, தங்கச்சி சீமந்தம், லீஸுக்கு வீடு பார்த்தா மொத்தமா ஒரு தொகை. வர்றது சொட்டுச் சொட்டா, போறது குடம் குடமா. சொட்டைக் குடமாக்கித் தர ஒரு ஆள் வேணும்.

எங்க சந்துக்கு அப்படி மூணு பேர் வருவாங்க. தண்டல்காரர். பிக்மி ஏஜெண்ட். சீட்டுப் பெரியம்மா. மூணு பேருமே வாசல்ல வந்து நிப்பாங்க, மூணு பேர் கையிலயும் ஒரு நோட்டு இருக்கும். சின்ன வயசுல எனக்கு மூணு பேரும் ஒண்ணுதான். அவங்களுக்குள்ள என்ன வித்தியாசம்னு புரிய எனக்கு 9,000 டாலர் கடன் வேண்டியிருந்தது.

தண்டல்

தண்டல்காரர் டிவிஎஸ் ஃபிஃப்டியில வருவார். அவர் கணக்கு எளிது. 1,000 ரூபாய் கடன்னா 100-ஐ முதல்லயே பிடிச்சுக்கிட்டு 900 கையில தருவார். தினம் 10 ரூபாய், 100 நாள் கட்டணும். "நூத்துக்குப் பத்துதானே"ன்னு எல்லாரும் நினைச்சோம்.

நினைச்சது தப்பு. 900 ரூபாய் நம்ம கையில 100 நாளும் இருக்கறதில்லை. முதல் நாளே 10 திரும்பிப் போயிடுது, ஐம்பதாவது நாள் பாதிதான் மிச்சம். வருஷக் கணக்குக்கு மாத்திப் பார்த்தா வட்டி 77 சதவீதத்தை ஒட்டி வருது. பூ விக்கற அக்காவுக்கு இது தெரியாம இல்லை. காலையில மார்க்கெட்டுல பூ எடுக்கக் காசு வேணும், வேற எவனும் பத்திரம் இல்லாம தர மாட்டான். அதனால வாங்கினாங்க.

இதை அடக்கச் சட்டம் போட்ட கதை நீளம். 1918-லயே அநியாய வட்டிக் கடன்களை நீதிமன்றம் திரும்பப் பரிசீலிக்கலாம்னு வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 1961-ல் மைசூர் மாநிலத்தில் லேவாதேவிக்காரர்களுக்கு ஒண்ணு, அடகுக் கடைகளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சட்டம். எமர்ஜென்சி காலத்துல, 1976-ல், ஏழைகளோட கடனை ரத்து பண்ண கர்நாடகக் கடன் நிவாரணச் சட்டம். கந்து வட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003, கர்நாடகத்துல 2004. கடைசியா 2025 பிப்ரவரியில், மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் தொல்லையால தற்கொலைகள் நடந்த பிறகு, மிரட்டி வசூல் பண்ணினா பத்து வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்னு கர்நாடக அரசு அவசரச் சட்டம் போட்டது.

நூறு வருஷத்துக்கு மேல சட்டம் போட்டும் தண்டல் சாகலை. அவசரத்துக்குக் காசு தர வேற ஆள் வராத வரைக்கும் அது சாகாது. நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்காதீங்க. கனடாவில் 2025 ஜனவரி முதல் ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கினா கிரிமினல் குற்றம், அதுக்கு முன்னாடி வரம்பு 60 சதவீதமா இருந்தது. ஆனா சம்பள நாள் வரைக்கும் தர்ற பேடே கடனுக்கு அதிலேர்ந்து விலக்கு, 100 டாலருக்கு 14 டாலர் வரை வாங்கலாம். ரெண்டு வாரக் கடன்னா வருஷக் கணக்குல 364 சதவீதம். எங்க தண்டல்காரர் பாவம், கோயில் கட்டிக் கும்பிடலாம்.

நாலணா பேங்கு தேடினவங்க

வேற ஆள் வரணும்னு யோசிச்சவங்களும் அந்தக் காலத்துலயே இருந்தாங்க. சென்னையில் 1872-லயே மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் ஆரம்பிச்சாங்க. உறுப்பினர்கள் மாசாமாசம் கட்டற பணம், உறுப்பினர்களுக்கே கடன். நிதின்னு பேர். ஆனா அது பெரும்பாலும் மாசச் சம்பளக்காரங்களுக்கும் வசதி உள்ளவங்களுக்கும்தான் எட்டினது.

ஃபிரெடெரிக் நிக்கல்சன்னு சென்னை மாகாணத்து அதிகாரி ஒருத்தர். விவசாயிக்குக் கடன் தர என்ன வழின்னு பார்க்கச் சொல்லி அரசாங்கம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினது. ஜெர்மனியில் ரைஃபைசன்னு ஒரு கிராமத்து மேயர் நடத்திக் காட்டின கூட்டுறவுக் கடன் சங்கங்களை அவர் படிச்சார். ஒருத்தர் வாங்கின கடனுக்கு ஊரே பொறுப்பு, ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியும், அதனால ஏமாத்தறது கஷ்டம். நிக்கல்சன் 1895-லயும் 1897-லயும் ரெண்டு பெரிய அறிக்கை கொடுத்தார். 1904-ல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் அக்டோபர்ல காஞ்சிபுரத்துல நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாச்சு. மைசூர் சமஸ்தானம் 1905-ல் தனக்குன்னு ஒரு சட்டம் போட்டது.

இதைப் படிச்சப்போ நான் இருந்த ஊர்ப் பக்கம் ஒரு ஆச்சரியம் காத்துக்கிட்டிருந்தது. அதே 1897-ல், ஒட்டாவா பாராளுமன்றத்துல பேச்சுக்களைக் குறிப்பெடுக்கிற வேலையில இருந்தார் அல்ஃபோன்ஸ் தெஜார்தான். ஒருநாள் சபையில ஒரு உறுப்பினர் எழுந்து, மான்ட்ரியாலில் 150 டாலர் கடன் வாங்கினவர் 5,000 டாலர் வட்டி கட்ட வேண்டி வந்த கதையைச் சொன்னார். குறிப்பெடுத்தவருக்கு அது மனசுல தங்கிடுச்சு. இவரும் ஐரோப்பாவுல நடக்கிற கூட்டுறவுச் சங்கங்களைப் பத்திப் படிச்சு, 1900 டிசம்பர்ல கியூபெக்கின் லெவி ஊரில் ஒரு மக்கள் வங்கியை ஆரம்பிச்சார். 1901 ஜனவரியில முதல் டெபாசிட் 10 சென்ட். அன்னிக்கு மொத்த வசூல் 26 டாலர் 40 சென்ட். இன்னிக்குக் கனடா முழுக்க இருக்கிற கிரெடிட் யூனியன்களுக்கு இங்கேதான் வேர்.

காஞ்சிபுரத்தையும் கியூபெக்கையும் ஒரே கேள்விதான் எழுப்பியிருக்கு. 150-க்கு 5,000 வட்டி. என் 9,000-க்கு 67,500. நூறு வருஷம் கழிச்சும் நான் அந்த மான்ட்ரியால்காரர் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

பிக்மி

எங்க சந்துக்கு வந்த ரெண்டாவது ஆள் கதை உடுப்பியிலேர்ந்து வருது. 1925-ல் டி.எம்.ஏ. பாய், உபேந்திர அனந்த பாய், வாமன் குட்வா மூணு பேரும் சேர்ந்து உடுப்பியில கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட் ஆரம்பிச்சாங்க. பின்னாடி அதுதான் சிண்டிகேட் வங்கி. 1928-ல் அவங்க செஞ்ச காரியம் பெரிசு. ஜனங்க பேங்குக்கு வரலைன்னா பேங்கு ஜனங்ககிட்டப் போகட்டும்னு ஏஜெண்டுகளை வீடு வீடா அனுப்பினாங்க. தினம் ரெண்டணா கொடுத்தாக்கூட வாங்கி நோட்டுல எழுதிக்குவாங்க. இதுக்குப் பேர் பிக்மி டெபாசிட்.

தண்டல்காரரும் தினம் வந்தார், பிக்மி ஏஜெண்டும் தினம் வந்தார். ஒருத்தர் வாங்கினா நம்ம கடன் குறையும், இன்னொருத்தர் வாங்கினா நம்ம சேமிப்பு கூடும். 1969 ஜூலை 19-ல் தேசியமயம் ஆன 14 வங்கிகளில் சிண்டிகேட்டும் ஒண்ணு. 2020 ஏப்ரல் 1-ல் அது கனரா வங்கியோட இணைஞ்சிடுச்சு. பிக்மின்ற சொல் கர்நாடகத்துல இன்னும் புழக்கத்துல இருக்கு.

அப்பாவுக்குப் பிக்மி பிடிக்கும். ஆனா அதுல ஒரு குறை. சேர்ந்த அளவுதான் எடுக்கலாம். ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு ஏப்ரல்ல ஆரம்பிச்ச பிக்மி உதவாது. அங்கேதான் சீட்டுப் பெரியம்மா வர்றாங்க.

சீட்டு

சீட்டு எப்போ தோணிச்சுன்னு யாரும் தேதி சொல்ல முடியாது. உலகம் முழுக்க உண்டு. இந்தோனேசியாவில் அரிசான்னு பேர். 1962-ல் கிளிஃபர்ட் கீர்ட்ஸ்னு ஒரு மானுடவியலாளர் இதை ஆராய்ஞ்சு கட்டுரையே எழுதினார்.

எங்க பெரியம்மா நடத்தினது ஏலச்சீட்டு. 20 பேர், ஆளுக்கு மாசம் 100 ரூபாய், 20 மாசம். பத்தாம் தேதி சாயங்காலம் அவங்க வீட்டுத் திண்ணையில கூடணும். ஒவ்வொரு மாசமும் 2,000 ரூபாய் சேரும். முதல் மாசம் நடத்தறவங்களுக்கு, அதுதான் அவங்க கூலி. ரெண்டாவது மாசத்திலேர்ந்து ஏலம். அவசரம் உள்ளவங்க "நான் 400 தள்ளி எடுத்துக்கறேன்"ம்பாங்க. அவங்களுக்கு 1,600 கையில. தள்ளின 400-ஐ 20 பேருக்கும் பங்கு போட்டா ஆளுக்கு 20 ரூபாய் கசர். அந்த மாசம் எல்லாரும் 80 கட்டினா போதும். போகப் போகத் தள்ளற தொகை குறையும், கடைசி மாசம் ஏலமே இல்லை.

தள்ளுத் தொகை 400-ல ஆரம்பிச்சு படிப்படியா குறைஞ்சு பூஜ்யத்துல முடியறதா வெச்சு நானே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டேன். ஒவ்வொருத்தரும் மொத்தம் கட்டறது 1,810 ரூபாய். ரெண்டாவது மாசமே எடுத்தவர் 1,600 வாங்கி 1,810 கட்டறார். வருஷ வட்டி 17 சதவீதம் மாதிரி வருது. கடைசி வரை பொறுத்தவர் 1,810 கட்டி 2,000 வாங்கறார், அவருக்கு 13 சதவீதம் பக்கம் லாபம். அவசரக்காரர் தர்ற வட்டி பொறுமைசாலிக்குப் போகுது, நடுவுல கழியறது பெரியம்மாவோட கூலி. தண்டலோட 77-ஐயும் இந்த 17-ஐயும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அம்மா சொன்ன "மினிமம் கிடையாது" விஷயமும் இங்கேதான் இருக்கு. கார்டுல பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும். முதல்ல 160, அடுத்து 159 சொச்சம்னு நம்மைத் தடவிக் கொடுத்துக்கிட்டே போகும். அதனாலதான் 75 வருஷம். சீட்டுல நேர் எதிர். கசர் குறையக் குறைய கட்டற தொகை 80, 85, 90னு ஏறும். கடைசித் தேதி முதல் நாளே தெரியும். பத்தாம் தேதி திண்ணையில 19 பேர் நம்ம முகத்தைப் பார்ப்பாங்க.

1991 டிசம்பர்

சீட்டைப் பெருமை பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியாகணும். இது முழுக்க நம்பிக்கையில ஓடற வண்டி. நம்பிக்கை எப்போ சோதிக்கப்படும்னு சொல்ல முடியாது.

எங்க சீட்டு 1991 மே மாசம் ஆரம்பிச்சது. எட்டாவது மாசம் டிசம்பர். பத்தாம் தேதி ஏலம் முடிஞ்சது. காவிரி நடுவர் மன்றத்தோட இடைக்கால உத்தரவு அரசிதழ்ல வெளியானது அந்த வாரம். 12, 13 தேதிகள்ல பெங்களூர்ல தமிழர் வீடுகளும் கடைகளும் எரிஞ்சது. எனக்கு அப்போ 12 வயசு. ராத்திரியோட ராத்திரியா தர்மபுரி அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். எங்க சந்துல பாதி வீடு பூட்டு. பெரியம்மா அவங்க தங்கச்சி ஊரான திருப்பத்தூருக்குப் போனாங்க. அவசரத்துல அவங்க எடுத்துக்கிட்டுப் போன பையில சீட்டு நோட்டு இருந்தது.

பொங்கலுக்கு முன்னாடி திரும்பி வந்துட்டாங்க. ஜனவரி பத்தாம் தேதி திண்ணையைக் கழுவி, கோலம் போட்டு, சீட்டு கூட்டினாங்க. வந்தவங்க ஏழு பேர். அதுல எங்க அம்மாவும் ஒருத்தர். யாரும் எதுவும் பேசலைன்னு அம்மா சொல்லுவாங்க. மாசக் கடைசிக்குள்ள சேலத்திலேர்ந்து, ஆம்பூர்லேர்ந்து, கிருஷ்ணகிரியிலேர்ந்து மணியார்டர் வந்தது. மணியார்டர் ஃபாரத்துல கீழே எழுதற இடத்துல "சீட்டு, டிசம்பருக்கு அடுத்தது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாராம். பக்கத்துத் தெரு கன்னடக்காரர் ஒருத்தரும் எங்க சீட்டுல உண்டு. ஊர்ல இல்லாத ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து அவர் அந்த மாசம் கட்டினார், அவங்க வந்ததும் வாங்கிக்கிட்டார்.

ரெண்டு குடும்பம் மட்டும் திரும்ப வரவே இல்லை. ரெண்டு பேருமே சீட்டை முன்னாடியே எடுத்தவங்க. ஆளுக்கு 12 மாசம் பாக்கி. அந்தப் பணத்தைப் பெரியம்மா தன் வளையலை அடகு வெச்சு ஈடு கட்டினாங்க. ஒரு மாசம்கூடத் தள்ளிப் போகலை. 1992 ஜூன்ல அம்மா 130 தள்ளி 1,870 எடுத்து எனக்கும் தங்கச்சிக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்டினாங்க. அந்த வளையல் திரும்பி வந்ததான்னு எனக்குத் தெரியாது. கேட்டா அம்மா பேச்சை மாத்திடுவாங்க.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்து வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் நடத்தின சீட்டுல அம்மாவுக்கு 6,000 ரூபாய் போச்சு. ஆள் ராத்திரியோட காலி பண்ணிட்டார். எழுதின பத்திரம் இல்லை, பதிவு இல்லை, யார்கிட்டப் போய்க் கேட்கறது? 1982-ல் வந்த மத்திய சிட்ஃபண்ட் சட்டப்படி சீட்டைப் பதிவு பண்ணணும். நடத்தறவர் கமிஷன் 5 சதவீதம்னு இருந்த உச்சவரம்பை 2019 திருத்தத்துல 7 ஆக்கினாங்க. திண்ணைச் சீட்டு பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கு வெளியிலதான் ஓடுது. பெரிய போர்டு மாட்டினவங்களும் கவுந்ததுண்டு, 1906-ல் சென்னையில அர்பத்நாட் கம்பெனி திவாலானப்போ ஆயிரக்கணக்கான குடும்பங்க சேமிப்பு போச்சு. அதனால, நல்ல மனுஷங்கன்னு மட்டும் பார்த்துப் பணத்தைப் போடாதீங்க.

திரும்ப டொரான்டோ

இதையெல்லாம் படிச்சுட்டு நான் என்ன செஞ்சேன்? முதல்ல கார்டை வெட்டினேன். குழந்தைங்க கத்திரிக்கோலுக்குச் சண்டை போட்டாங்க.

அப்புறம் ஒரு கணக்கு. வேற எதுவும் மாத்தாம, அதே 20 சதவீதக் கார்டுக்கு மாசம் 286 டாலர்னு மாறாம கட்டினா 45 மாசத்துல முடிஞ்சிடும். 75 வருஷத்துக்கும் நாலு வருஷத்துக்கும் நடுவுல நிக்கறது மாசம் 126 டாலர். வெளியில சாப்பாடு, ரெண்டாவது செல்போன், வாரக்கடைசி மால் இதுலயே அது வந்திடும்னு தங்கமணி பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க.

ஆபீஸ்ல யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர். தயங்கித் தயங்கி அவர்கிட்டச் சொன்னேன்.

"தம்பி, இதுக்கு ஏன் வெக்கப்படுறியள்? நாங்கள் இஞ்சை வந்த காலத்திலை சீட்டு இல்லாட்டி ஒருத்தரும் வீடு வாங்கியிருக்கேலாது. ஆனா உங்களுக்கு இப்ப சீட்டு வேண்டாம். கிரெடிட் யூனியனிலை போய்க் கேளுங்கோ."

போய்க் கேட்டேன். 9,000 டாலர், 9 சதவீதம், 36 மாசம். தவணை 286 டாலர் 20 சென்ட். மொத்த வட்டி 1,300 சொச்சம். கையெழுத்துப் போட்டுட்டு நிமிர்ந்தா சுவத்துல கூட்டுறவு பத்தி ஏதோ போஸ்டர். லெவி ஊர்ல விழுந்த அந்த 10 சென்ட்தான் ஞாபகம் வந்தது.

தவணைத் தேதி எதுன்னு கேட்டாங்க. யோசிக்காம பத்துன்னு சொன்னேன்.

இங்கே திண்ணை இல்லை, 19 பேர் முகம் இல்லை. அதுக்கு ஒரு ஏற்பாடு அம்மாவே பண்ணிக்கிட்டாங்க. ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதி போன் வரும். பேரப்பசங்களை விசாரிச்சுட்டு, கடைசியா, "கட்டிட்டியா?" அவ்வளவுதான். 36 மாசம் ஒரு தடவையும் தவறலை. ரெண்டு தடவை சம்பளம் தள்ளிப் போனப்போ, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணுமேன்னே வேற செலவை நிறுத்திக் கட்டினேன்.

ஆக, நான் புரிஞ்சுக்கிட்டது மூணு கேள்விதான். கடன் வாங்கறப்போ வருஷ வட்டி எவ்வளவு? எந்தத் தேதியில முடியும்? கட்டலைன்னா யார் கேட்பாங்க, எப்படிக் கேட்பாங்க? தண்டல்காரர் ரெண்டாவது கேள்விக்குச் சரியாப் பதில் சொன்னார், முதல் கேள்வியில மறைச்சார். அவர் ஆட்கள் கேட்கற விதம் சந்துக்கே தெரியும். கார்டு கம்பெனி வட்டியைச் சொல்லும், முடியற தேதி கிடையாது, கட்டச் சொல்லி வற்புறுத்தவும் செய்யாது, நாம கட்டிக்கிட்டே இருந்தா அதுக்கு லாபம். பெரியம்மாவோட சீட்டு மூணுக்கும் பதில் சொன்னது. சின்னக் குழந்தைகளை வெச்சுக்கிட்டு வெளிநாட்டுல அல்லாடறவங்க, எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியும் இந்த மூணையும் கேட்டுக்குங்க. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல வெக்கப்படாதீங்க. நான் ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்ததுல வட்டியாவே 1,800 டாலர் போச்சு.

2014-ல் கடைசித் தவணை போச்சு. அன்னிக்கும் பத்தாம் தேதி. அம்மா போன்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேம்மா. முடிஞ்சது. இனிமே கிடையாது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒக்கலிபுரத்துல ரயில் போற சத்தம் மட்டும் போன்ல கேட்டது.

"சரி, அந்த 286-ஐ இனிமே எங்கே கட்டப் போறே?"

அடுத்த மாசத்திலேர்ந்து அது பசங்க படிப்புக் கணக்குக்குப் போச்சு. இங்கே ஆர்.ஈ.எஸ்.பி.ன்னு ஒண்ணு இருக்கு, குழந்தை பேர்ல வருஷம் 2,500 டாலர் வரை நாம போடற பணத்துக்கு அரசாங்கம் 20 சதவீதம், அதாவது 500 டாலர் வரை, சேர்த்துப் போடும். பையன் அதுலதான் யுனிவர்சிட்டி போனான். பொண்ணுக்கு இப்போ 17. தேதி மட்டும் இன்னும் பத்துதான்.